மிளகனுக்கு ஓர் அறை

வெள்ளவத்தை
5 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி அப்புத்துரைக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் மகள் மேனுகாவும் பச்சைக் குழந்தையும் சுகம். உன் சுகத்தையும் உன்னிடம் விட்டுவந்த என் மிளகனின் சுகத்தையும் எழுது. ஒன்றைத்தான் எழுத நேரமிருக்கிறது என்றால் மிளகனுடையதை எழுது.

போனில் கேட்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் "ஓமக்கா, ஓமக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் பொய் எழுத உனக்கு நேரமெடுக்கும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்திய எனக்கு அதைப் பிடிக்க நேரமெடுக்காது. அதோடு, நான் போனில் நாயைப் பற்றிக் கதைத்தால் மேனுகா பெருமூச்சு விடுகிறாள்.

மிளகனை வானுக்குள் படுக்க விடாதே. வெளியே கட்டாதே. நீ எந்த லொட்ஜில் தங்கினாலும் அவன் உன் கட்டிலுக்குக் கீழேதான் படுக்க வேண்டும். வட்டக்கச்சி வீட்டில் அவன் ஒரு நாளும் வெளியே படுத்ததில்லை. மீன் தலையை உறைப்புப் போடாமல் அவித்துச் சோற்றோடு பிசைந்து கொடு. இடி முழங்கினால் உன் கையை அவன் மேல் வைத்துக்கொள்.

இன்னொரு விடயம். மேனுகா என்னை இங்கேயே நிற்பாட்டப் பார்க்கிறாள். "அம்மா, வட்டக்கச்சியில இனி உங்களுக்கு என்ன இருக்கு?" என்று நேற்றும் கேட்டாள். மிளகன் இருக்கிறான் என்று சொன்னேன். அந்த ஒரு பதிலுக்குத்தான் அவளிடம் மறுபேச்சு இல்லை, ஏனென்றால் இந்த மாடி வீட்டில் நாய் வைத்திருக்க விடமாட்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் நான் வருவேன். அப்போது மிளகன் முழுசாக என் வாசல் படலையில் நிற்க வேண்டும். அவன் இல்லையென்றால் எனக்கு வீடும் இல்லை என்று வைத்துக்கொள்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
அக்கா அருந்ததி


வவுனியா
17 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கடை விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. மிளகன் சுகம். நானும் சுகமாகத்தான் இருந்தேன், லொட்ஜ் தேடத் தொடங்கும் வரைக்கும்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். முதலாளி வோட்டர் பம்ப் சாமான்களை வானில் ஏற்றிவிட்டால் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டு திரிவேன். இருட்டுகிற இடத்தில் அறை எடுப்பேன். இத்தனை வருடத்தில் எந்த லொட்ஜிலும் என்னை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள்.

புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் செல்லப் பிராணிகளோடு வருவோரை வரவேற்கிறோம் என்று பெரிய போர்ட் போட்டிருந்தது. நானும் மிளகனும் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனோம். மனேஜர் பொடியன் மிளகனை மேலும் கீழும் பார்த்தான்.

"அது சாதி நாயளுக்குப் போட்ட போர்ட் ஐயா. இது எங்கட ஊர் நாயெல்லோ."

நானும் எங்கட ஊர் ஆள்தானே, எனக்கு அறை தருவீரோ என்று கேட்டேன். உங்களுக்குத் தரலாம் என்றான், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அடுத்த இடத்தில் கீழே கலியாண மண்டபம், மேலே அறைகள். நான் விலை கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மிளகன் கயிற்றை உருவிக்கொண்டு போய்ப் பந்தியில் நின்றுவிட்டான். படம் பிடிக்கிறவர் அவனைப் பொம்பிளை மாப்பிள்ளைக்கு நடுவில் வைத்து இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டார். அல்பத்தில் வருவான். அறை கிடைக்கவில்லை.

மூன்றாவது இடத்துக்காரி நல்ல மனுசி. மிளகனைத் தடவி, குசினி வாசலில் சாக்குப் போட்டுச் சோறும் வைத்தா. ஆனால் எனக்குக் கொடுக்க அறை இல்லை என்றுவிட்டா. கடைசியில் வானுக்குள்தான் படுத்தோம். கோபிக்காதேங்கோ. மிளகன் சீற்றில் படுத்தான், நான் பம்புப் பெட்டிகளுக்கு மேல் படுத்தேன்.

மேனுகாவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.
தம்பி அப்புத்துரை


வெள்ளவத்தை
25 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கிறான். அவன் சிரிக்கும்போது எனக்கு இங்கேயே இருந்துவிடலாம் போலவும் இருக்கிறது. பிறகு யன்னலைத் திறந்தால் எதிர் மாடிக்காரரின் உடுப்பு முகத்தில் தட்டுகிறது. வட்டக்கச்சியில் யன்னலைத் திறந்தால் வயல்.

மிளகனை எங்கட ஊர் நாய் என்று சொன்ன அந்த மனேஜரின் பெயரை எனக்கு அனுப்பு. அவனுடைய அப்பாவுக்கு நான் படிப்பித்திருக்கவும் கூடும்.

வானுக்குள் படுப்பது சரிவராது. உனக்கு முதுகு, அவனுக்குச் சளி. மனிதரோடு தன்மையாகக் கதைத்துப் பார். நீ கதைத்தால் துருப்பிடித்த பம்பைக்கூட வாங்குகிறார்கள், ஒரு அறை தரமாட்டார்களா?

மேனுகாவின் பெருமூச்சு கூடிவிட்டது. வட்டக்கச்சி வீட்டைச் சும்மா பூட்டி வைத்திருக்கிறோமாம், வாடகைக்கு விடலாமாம். நான் காது கேட்காதது போல இருந்தேன்.

உடம்பைக் கவனி. அவனையும்.
அக்கா


நெடுங்கேணி
18 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை கூடிவிட்டது. நான் சுகம், மிளகன் மிகவும் சுகம்.

நீங்கள் சொன்னபடி தன்மையாகக் கதைத்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், சனம் நன்றாகத் திருந்திவிட்டது. பூவரசங்குளத்தில் முதல் முறையாக உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் மிளகனுக்கு அறை. புது விரிப்பு, மின்விசிறி, தண்ணீருக்குப் பித்தளைச் செம்பு. அவனுக்கென்று காசும் கேட்பதில்லை. இங்கே நெடுங்கேணியில் வீட்டுக்காரர் தன்னுடைய அறையையே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய்ப் படுத்தார்.

சாப்பாட்டில் ஒரு சின்ன மாற்றம். மீன் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. மிளகன் இப்போது வடை சாப்பிடுகிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நேற்று ஒரு அம்மா அவனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினா. நுளம்பு கடிக்காமல் இருக்கவாக இருக்கலாம்.

வேறு விசேடம் இல்லை.
தம்பி


வெள்ளவத்தை
27 மார்ச் 2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் சுகமில்லை.

முல்லைத்தீவுக் கடலை வைத்துக்கொண்டு மீன் கிடைக்கவில்லை என்று எழுதுகிறாய். நுளம்புக்குக் கற்பூரம் கொளுத்துகிறார்கள் என்கிறாய். பித்தளைச் செம்பில் தண்ணீர் என்கிறாய். நான் உன்னுடைய அக்கா. நீ சின்னனில் மாங்காய் களவெடுத்துவிட்டு வயிற்றுக்குத்து என்று படுத்தபோதும் இப்படித்தான் சுற்றி வளைத்தாய்.

லொட்ஜ்காரருக்கு என்ன சொன்னாய்? உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா


ஒட்டுசுட்டான்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபம் ஆறும்படி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

பூவரசங்குளத்தில் நல்ல மழை. இடி. மிளகன் என் காலுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அந்த லொட்ஜ்காரர் முடியவே முடியாது என்றார். அவருடைய வேலிப் பக்கம் சூலம் ஒன்று நட்டு, சிவப்புத் துணி கட்டி, பூ வைத்திருந்தது. மிளகனைப் பார்த்தேன். நல்ல கறுப்பு. வாயில் தானாக வந்துவிட்டது.

"இது வைரவருக்கு நேர்ந்த நாய். கோயிலுக்குக் கொண்டுபோறன்."

வைரவருடைய வாகனத்தை மழைக்குள் நிற்பாட்ட யாருக்கு மனம் வரும், அக்கா? மனுசன் துவாயோடு ஓடி வந்தார். எனக்கு இல்லை, அவனுக்கு. அன்றைக்கே வீட்டில் மச்சம் மாமிசம் நிறுத்தி வடை சுட்டார்கள். காலையில் அந்த வடையை மாலையாகக் கோர்த்து அவன் கழுத்தில் போட்டார்கள். வாசலுக்கு வருவதற்குள் அவன் பாதி மாலையைத் தின்றுவிட்டான். அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

பிறகு எல்லா இடத்திலும் அதையே சொன்னேன். சில இடத்தில் நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை, முன்னுக்கே போனில் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கும் வடை கிடைக்கிறது. மீன் கேட்கத்தான் வாய் வரவில்லை.

எந்த வைரவர் என்று பூவரசங்குளத்தார் கேட்டார். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் பாலையடிச் சந்தியில் நான் வழமையாகத் தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வைரவர் கோயில் இருக்கிறது. அது நினைவுக்கு வந்தது, சொல்லிவிட்டேன். தூரத்தில் இருக்கிறதுதானே, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? நாளைக்குப் பாலையடிக்குத்தான் போகிறேன். அங்கே சுமித்திரா வாடகைக்கு அறை விடுகிறா. என்னைத் தெரிந்தவ. அவவிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மனம் ஆறுங்கோ.
தம்பி


வெள்ளவத்தை
16 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

எல்லோரும் சுகம், என் மனதைத் தவிர.

நீ வவுனியாப் பொலிசிடம் பொய் சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு பயப்படமாட்டேன். வைரவர் காவல்காரர். நித்திரை கொள்ளாத தெய்வம். அவரிடம் ஒரு சாமானைத் தருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அவர் வாசலாலேயே வானில் போகப்போகிறாயா?

இந்தக் கடிதம் கிடைத்ததும் பாலையடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. வேறு பாதையால் போ. மிளகனுக்கு ஒரு மீன் தலை கொடு.

அக்கா


பாலையடி
18 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மிளகனும் சுகம்.

அவன் இப்போது நல்ல இடத்தில் இருக்கிறான். பெரிய பாலை மரம், நல்ல நிழல், காற்று. வெள்ளிக்கிழமையென்றால் நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள். குளிக்க வார்க்கிறார்கள், நெற்றியில் பொட்டும் வைக்கிறார்கள். நானும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன். வெயில் காலத்தில் வானில் அலைவதைவிட இது அவனுக்கு ஆறுதல்.

சுமித்திரா உங்களைச் சுகம் கேட்டா. பூவரசங்குளத்து லொட்ஜ்காரர் அவவின் தம்பி என்பது எனக்கு இதுவரை தெரியாது.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.
தம்பி


வெள்ளவத்தை
2 மே 2025

தம்பிக்கு,

நீ மிளகனைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாய்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் குளிக்கும் அறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது மேனுகா கடிதத்தை வாசித்துக்கொண்டு நின்றாள். அவள் கெட்டவள் இல்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, "பாவம் அம்மா. ஆனா இனி நீங்கள் இஞ்ச நிண்டா என்ன?" என்று கேட்டாள். மிளகன் இருக்கிறான் என்று இனிச் சொல்ல ஏலாதே. ஒரு பாங்க் உத்தியோகத்தர் வட்டக்கச்சியில் வாடகைக்கு வீடு தேடுகிறாராம், ஓகஸ்ட்டில் வருவாராம்.

மிளகனைக் கூட்டிக்கொண்டு வா. எப்படியாவது.

அக்கா


வெள்ளவத்தை
24 மே 2025

தம்பிக்கு,

சுகமா? பதில் இல்லை. போனையும் எடுக்கிறாய் இல்லை. உனக்கு ஏதும் காய்ச்சல் வருத்தமோ என்றும் பயமாக இருக்கிறது, அதனால் திட்டாமல் எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். முதலாளியின் பம்பை நீ கோயிலுக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாது. நேர்த்தி என்பது தன்னுடையதைக் கொடுப்பது. மிளகன் உன்னுடையவன் இல்லை, என்னுடையவன். நீ நேர்ந்தது செல்லாது. இதை ஒளித்துப் போய்ச் சொல்லாதே. சனம் கூடியிருக்கும்போது, வைரவர் கேட்க, வாய் திறந்து சொல். வெட்கம் உன்னுடையது, அதை நீயே சுமக்க வேண்டும்.

நான் வாடகைக்காரருக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை.

அக்கா


பாலையடி
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதை எழுதுகிறேன்: மிளகன் இப்போது என் கட்டிலுக்குக் கீழே குறட்டை விடுகிறான். இனி ஆறுதலாக வாசியுங்கோ.

ஏப்ரலில் நான் இந்தச் சந்திக்கு வந்தபோது மேளக்காரர் காத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கோ கலியாணம் என்று நினைத்து வானை ஓரம் கட்டினேன். சுமித்திராவின் தம்பி முன்னுக்கே போனில் சொல்லியிருந்தாராம். கோயில் தலைவர் வந்து கதவைத் திறந்து, என்னைத் தாண்டி, மிளகனைத் தூக்கிக்கொண்டார். அவன் வடை வாசத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டு போனான். அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் என்ன சொல்ல? அன்று தொடக்கம் ஒவ்வொரு நாள் பின்னேரமும் வேலியால் எட்டிப் பார்ப்பேன். அவன் என்னைக் கண்டு ஊளையிடுவான். வைரவருக்குக் கேட்கிறது என்று சனம் கும்பிடும். உங்களுக்குப் பதில் எழுத எனக்கு முகம் இருக்கவில்லை, அக்கா.

உங்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வைரவருக்கு வருடாந்தப் பொங்கல் மடை வைத்த அன்று போனேன். பொங்கல் படைத்து, பூசை முடிந்து, எல்லோரும் நின்ற நேரத்தில் சொன்னேன். மழை, இடி, லொட்ஜ், பொய், நீங்கள், வட்டக்கச்சி வீடு, எல்லாம். தலைவர் கன நேரம் வெற்றிலை சப்பினார். அக்கா சொல்வது நியாயம்தான், அடுத்தவரின் பொருளை வைரவர் எடுக்கமாட்டார் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"ஆனா தாறன் எண்டு சொன்னது சொன்னதுதானே. உம்மட எண்டு என்ன வச்சிருக்கிறீர்? அதைத் தாரும்."

யோசித்தேன். வான் முதலாளியுடையது. பம்புகளும் அவருடையவை. வவுனியா அறை வாடகை. கையில் இருந்த போனுக்கு இன்னும் தவணை கட்டுகிறேன். பெண்சாதி பிள்ளை இல்லை. ஐம்பது வயது தாண்டியும் என்னுடையது என்று சொல்ல என்னைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, அக்கா. அதையே சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். தலைவர் தலையை ஆட்டி, சரி, அது போதும் என்றுவிட்டார்.

ஆகவே மிளகனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மடை வரை ஒரு வருடம், வெள்ளிக்கிழமைகளில் கோயில் முற்றம் கூட்டி, வடைக்கு உளுந்து அரைத்து, பூசை முடியும் வரை வாசலில் இருக்க வேண்டும். சுமித்திராதான் வடை சுடுகிறா. "இவருக்கும் மிளகன்ர தட்டிலயே போடட்டோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டா. எனக்குக் கோபம் வரவில்லை.

மற்ற நாட்களில் மிளகனும் நானும் வழமை போலச் சுற்றுகிறோம். இப்போது எல்லா லொட்ஜ்காரருக்கும் உண்மை தெரியும், ஒருவரும் அறை தருவதில்லை. வானுக்குள்தான் படுக்கை. பாலையடியில் மட்டும் சுமித்திரா கேள்வி கேட்காமல் கதவைத் திறக்கிறா. மிளகனுக்கு மீன் தலையும் அவித்து வைக்கிறா. போன கிழமை முல்லைத்தீவில் இரண்டு சேட்டு வாங்கினேன். பழையவை கிழிந்துவிட்டன.

வீட்டை ஒருவருக்கும் கொடுக்காதேங்கோ.
தம்பி


வட்டக்கச்சி
20 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் சுகமாக இருந்து உளுந்து அரைத்துக்கொண்டிருக்க வைரவர் துணை.

நீ மிளகனைப் படலையில் விட்டுவிட்டு உடனே வானைத் திருப்பிக்கொண்டு போனதை நான் குறை சொல்லமாட்டேன், அன்று வெள்ளிக்கிழமை. ஆனால் உளுந்து அரைக்கப் போகிறவன் புதுச் சேட்டில் மடிப்புக் கலையாமல் போனதையும் கண்டேன். முப்பது வருடம் கட்டுரை திருத்தினேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். சுமித்திராவுக்கு என் அன்பைச் சொல். அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வா, நான் வேறொன்றும் கேட்கமாட்டேன்.

மிளகன் முதல் நாள் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடி, மேலே ஏறி விழுந்து, என் கண்ணாடியை உடைத்துவிட்டான். நான் அவனைக் கட்டிக்கொண்டு படலையிலேயே இருந்து அழுதேன். ரோட்டால் போன சனம் யாருக்கோ செத்தவீடு என்று நின்று விசாரித்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனால் நீ அவனைக் கெடுத்துவிட்டாய். மீன் தலையை வைத்தால் மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நெற்றியில் பொட்டு வைக்காவிட்டால் சாப்பிடுகிறானில்லை. பக்கத்து வீட்டுக்காரி நேற்று வடையோடு வந்து அவனிடம் மகனின் சோதனை முடிவு பற்றிக் கேட்டாள். அவன் வடையைத் தின்றான். பாஸ் பண்ணுவான் என்று அவள் சொல்லிக்கொண்டு போகிறாள்.

மேனுகா இரவு போன் எடுத்தாள். குழந்தை என்னைத் தேடுகிறானாம். திரும்ப எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். மிளகனை விட்டுவிட்டு வர ஏலாது என்றேன். மாமாவிடம் விட்டுவிட்டு வாங்கோவன் என்றாள்.

"மாமாவை நேர்ந்தாச்சு, பிள்ளை. அடுத்த வருச மடை வரைக்கும் அவர் வைரவரின்ர ஆள்."

பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பெருமூச்சு இல்லாமல் சிரித்தாள். அப்படியென்றால் மார்கழி லீவுக்குத் தான் குழந்தையோடு வட்டக்கச்சிக்கு வருவதாகச் சொன்னாள். அறைக்குள் நாய் படுத்திருக்கிறதே, தங்களுக்கு இடம் இருக்குமோ என்று கேட்டாள்.

மிளகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் மனிதரை அறைக்குள் விடுவான் என்றுதான் நினைக்கிறேன், வடை கொண்டு வந்தால்.

மிளகனுக்காகவும் சேர்த்து எழுதும்,
அக்கா அருந்ததி